பொது வரப்பு எலி

— பூச்சி இல்ல தங்கமணி, எலி. நான் சொன்னா சொன்னதுதான்.

— ஏங்க, இந்தக் கதிரைப் பாருங்க. வெள்ளை வெளேர்னு நிக்குது. இழுத்தா கையோட வருது. தண்டுக்குள்ள புழு குடைஞ்சிருக்கு. குருத்துப்பூச்சிங்க இது.

— அதுவும் ஒரு பிராணியா? விளக்கைக் கண்டா விழுந்து சாகுற ஜென்மம். எலி அப்படியா? வரப்புக்குள்ள வீடு கட்டி, கதிரைக் கொண்டுபோய்ச் சேத்து வச்சு, பிள்ளைகுட்டியோட குடித்தனம் பண்ணுது.

— ஆமா ஆமா, எலிக்குப் பொண்ணு குடுக்கப்போற மாதிரில்ல பேசுறீங்க! எலி திருடுனா கண்ணுல படும். பூச்சி இலை நுனியில முட்டையை வச்சுட்டுச் சத்தமில்லாம போயிடும். பாதி வயலு போனப்புறந்தான் நமக்கே தெரியும்.

— பூச்சிக்கு மருந்தடிக்க ஒரு ஆள் போதும். எலி வளைக்கு அது ஆகுமா? இந்தப் பக்கம் தோண்டுனா அந்தப் பக்கமா ஓடிடும். அந்தப் பக்கத்து வயக்காரனும் வந்து நின்னே ஆகணும். பொது வரப்பு.

— அந்த வயக்காரனுக்குப் பேர் இல்லையா? தியாகராசன். என் கூடப்பொறந்த தம்பிங்க.

— தண்ணி திருப்புற தகராறுல ஊரைக் கூட்டி என்னைக் கேள்வி கேட்டானே, அன்னைக்கே பேர் மறந்துபோச்சு.

— தை பொறந்தா நம்ம பொண்ணு வானதிக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாம அவளை மணவறைக்கு யாரு கூட்டிட்டு வருவா? போன்ல அழுவுறா புள்ள. ஒரு எட்டு போய்க் கூப்பிட்டா என்ன?

— எங்க வம்சத்துல யாரும் அடுத்தவன் வாசல்ல போய் நின்னதில்ல. நானும் நிக்க மாட்டேன்.

— அப்ப அவனா வரணுமாக்கும்?

— எலி விஷயமா ஆள் அனுப்பியிருக்கேன். வரப்பு வேலைக்கு வந்துதானே ஆகணும்? வந்த மனுஷனை வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடின்னு சொன்னா என் கௌரவம் ஒண்ணும் குறைஞ்சுடாது. பேச்சுவாக்குல கல்யாணப் பேச்சும் வரும்.

— அட என் ராசா! இதுக்கா காலையிலேர்ந்து எலிக்கு வக்காலத்து?

— நெசமாவே எலிதான்டி. போய்ப் பாரு, வரப்போரமா எத்தனை நெல்லுத் தூரை வெட்டிப் போட்டிருக்குன்னு.

— பாத்துட்டேன். அதோ, தம்பி வண்டி வருது. முதுகுக்குப் பின்னால ஒளிக்கிற அந்த அரிவாளை இப்படிக் குடுங்க. எலி சாய்ச்சுதான் கடிக்கும், நீங்க எல்லாத்தையும் நேரா வெட்டி வச்சிருக்கீங்க. அவன் கிட்ட வர்றதுக்குள்ள சாய்ச்சுச் சீவிவிடறேன்.