தலைப் புட்டி

— சாவியக் குடு மேஸ்திரி! எங்க வூட்டுக்காரர மாட்டுக் கொட்டாயில பூட்டி வெக்க நீ யாரு?

— இந்தத் திராட்சத் தோட்டத்துக்கு மேஸ்திரி. சின்னராசுன்னா உத்தரமேரூரு வரைக்கும் தெரியும். போம்மே பாக்கியமேரி, பந்தல் வேலையப் பாரு. போலீசு வந்துகினு கீது.

— ஒரு புட்டிக்கா போலீசு?

— எந்தப் புட்டின்னு கேளு. தலைப் புட்டி! வருசா வருசம் மொதல்ல வடியிற திராட்ச ரசத்த, அரக்கு வெச்சி மாதா கோயில் பீடத்தாண்ட வெக்கிறோமே, அது! அதத்தான் ஒம் புருசன் பொன்னன் எத்துகினு பூட்டான்.

— பதினஞ்சு வருசமா நெலவறை சாவி அவருகிட்டத்தானே கீது? ஒரு சொட்டு கொறஞ்சிதா?

— அதாம்மே வயிறு எரியுது! ஊரு பூரா மதுவிலக்கு. பூசைக்குன்னு சர்க்காரு நமக்குப் பர்மிட்டு குடுத்துகீது. நாளைக்கு ஆபீசரு வந்து புட்டிய எண்ணுவாரு. ஒண்ணு கொறஞ்சாலும் தோட்டத்துக்கே சீலு. நாப்பது குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். குடிச்சியாடான்னா இல்லன்றான். வித்தியாடான்னா அதுக்கும் இல்லன்றான். அப்பறம் இன்னாடா பண்ணேன்னா, வாயே தொறக்கல!

— குடிக்கிற மனுசனா அவரு? அவரு மேல என்னிக்கினா வாட அடிச்சிகீதா?

— அடிச்சா என் மூக்குக்குத் தப்புமா? மூடியத் தொறந்தா போதும், எந்த வருசத்து ரசம்னு சொல்லிடுவேன்.

— பெரிய மூக்கு! தோட்டத்தப் பாக்க வர்றவங்களுக்கெல்லாம் ஒரு கத சொல்லுவியே, அத இப்ப எனக்குச் சொல்லு.

— இன்னா பேஜாரு இது! இப்பவா கத கேக்குற?

— சொல்லுய்யா! பிரெஞ்சுக்கார சாமியாரு கொடி கொணாந்து நட்டாரு. மொத வெளச்சல்ல ஒரே ஒரு புட்டிதான் தேறிச்சி. அப்பறம்?

— அப்பறம் இன்னா... சேரியில வாந்திபேதி. பூசைக்கு வெச்சிருந்தத எடுத்துகினு போயி, வூடு வூடா ஸ்பூன்ல ஊட்டுனாரு. அந்த ஞாயித்துக்கெழம ரசம் இல்லாம பூசையே நடக்கல. அந்த நெனப்புலதான் தலைப் புட்டி வெக்கிறது. ஒனக்குத் தெரியாததா?

— எனக்குத் தெரியும். ஒனக்குத்தான் சொல்ல மட்டும் தெரியுது. போன மாசம் ஒம் பொண்டாட்டி செல்லம்மா புள்ள பெத்து, ரத்தம் போயி வெளுத்துக் கெடந்தாளே. தெம்புக்கு ரெண்டு ஸ்பூன் ரசம் குடுங்கன்னு நர்சம்மா சொன்னாங்க. நீ இன்னா சொன்னே?

— பூசைக்குள்ளதுல ஒரு சொட்டும் தரமாட்டேன்னேன். என் வூடுன்னா மட்டும் நாயம் மாறிடுமா? மாதா கைவுடல. நீ காய்ச்சிக் குடுத்த கஷாயத்துலயே எழுந்து ஒக்காந்துட்டா.

— ஏழு நாளு குடுத்தேன்.

— ஆமா. அந்த நன்றி எனக்கு கீது. அதுக்கோசரம் ஒம் புருசன வுட முடியாது.

— சுக்கும் மெளகும் தட்டிப் போட்டது நானு. அதுல ஊத்துனத குடுத்தது, கொட்டாயில கீறாரே, அந்த மனுசன். பச்ச ஒடம்புக்காரி, வூட்ல சண்ட வேணாம், மேஸ்திரிகிட்ட மூச்சு வுடாதேன்னாரு. ஆனா ஏழு நாளும் ஸ்பூன்ல எடுத்து அவ வாயில ஊட்டுனது நீ! அப்ப எங்கய்யா போச்சி அந்த மூக்கு?