முப்பத்தேழு கிலோமீட்டர்

— கால ஆட்டாதீங்க. டக் டக்குனு... எல்லாரும் நம்மளயே பாக்கறாங்க.

— சைக்கிள் ஷூ பிரியா. அடியில கிளிப் இருக்குதுல்ல.

— கழட்டி வெய்ங்களேன். அந்த டவுசரும் இதுவும்... சர்க்கஸ்காரன்னு நெனச்சிருப்பாங்க.

— நீ மட்டும் என்ன, பட்டுச்சேலையா கட்டிட்டு வந்த?

— நான் ஓடுன துணியோட வந்தேன்... ஸ்கேன் எடுக்க இத்தன நேரமா ஆகும்?

— ஆறு மாசக் கொழந்த. அசையாம இருக்கோணும்ல. தூங்க வெச்சு எடுப்பாங்க.

— தூங்கத்தான் செய்யறான். அதான எனக்குப் பயமா இருக்குது.

— ஒண்ணும் ஆகாது.

— டாக்டர்கிட்ட என்னன்னு சொன்னீங்க? மறுக்காச் சொல்லுங்க.

— அதான்... பால் கலக்க அடுப்படிக்குப் போனேன். ரெண்டு நிமிசம். கட்டில்ல இருந்து உருண்டு உழுந்துட்டான். ஒடனே அழுதான்.

— ஒடனே அழுதானா?

— ஆமா.

— நான் ஓடி முடிச்சு வாரப்ப அழுகலீங்களே. துணி மாதிரி உங்க தோள்ல கெடந்தான்.

— அழுது ஓஞ்சிருந்தான்.

— பால் எங்க?

— என்னது?

— கலக்குன பால். பாட்டில் நான் ராத்திரி கவுத்து வெச்ச எடத்துலயே காஞ்சு கெடந்துச்சு.

— இப்ப அதா முக்கியம்? அம்மாவ வெண்ணந்தூர்ல இருந்து வரச் சொல்லியிருந்தா...

— நாமளே மாத்தி மாத்திப் பாத்துக்கலாம்னு ஆரு சொன்னது? ரேஸ் சைக்கிளுக்குப் பெல்லு கட்டுன ஒரே ஆளு நீங்கதான்.

— நீயுந்தான சிரிச்சுட்டே சரின்ன. பெல் அடிச்சா நான் வந்தாச்சு, நீ கொல்லப்பக்கமா ஓடலாம்னு.

— நீங்க உள்ள வந்தப்பறம் நான் கெளம்புனா, அழுது என்னைய உடமாட்டான்னு... ஏனுங்க, உங்க வாட்ச் இன்னும் ஓடிட்டே இருக்குது.

— நிறுத்த மறந்துட்டேன்.

— காட்டுங்க.

— உடு பிரியா...

— கையக் காட்டுங்க... சைக்கிள்ல மட்டும் நாப்பது கிலோமீட்டர். பெல் அடிச்சப்ப எத்தன?

— அது எதுக்கு இப்ப?

— ஏனுங்க.

— முப்பத்தேழு.

— மீதி மூணு?

— நீச்சலு, சைக்கிளு, ஓட்டம் மூணுஞ் சேந்த ரேஸு... மூணு வாரந்தான் இருக்குது. கெணத்துல எத்தன நீந்துனாலும் சைக்கிள்ல பின்னாடி போயிருவேன்னு... நாப்பது முடிச்சரலாம்னு பாத்தேன். நேரமாச்சுன்னா நீ கத்துவ, அதான் ஊட்டு வாசல்ல பெல்ல அடிச்சுட்டுச் சைக்கிளத் திருப்பிட்டேன். ஆறு நிமிசந்தான் கணக்கு. ரயில்வே கேட்டப் போட்டுட்டாங்க.

— எத்தன மணிக்கு ஊட்டுக்கு வந்தீங்க?

— ஆறே கால். தரையில கெடந்தான். அழுகல. கண்ணு மட்டும் பாதி தொறந்து... நான் கூப்புட்டேன் பிரியா, நிலவா நிலவான்னு...

— மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். என்னைய அடி. நாலு அடி அடி.

— அடிச்சா அவன் முழிச்சுக்குவானா?

— அப்பச் சும்மா உக்காந்திருக்காத... திட்டு. எப்பவும் திட்டுவியே.

— எனக்கு அந்த முக்கா மணி நேரந்தாங்க இருந்துச்சு. ஒரு நாளைக்கு. வயித்தக் கிழிச்சுத் தெச்ச ஒடம்பு... திரும்ப ஓடுச்சே. ஓடறப்ப மட்டுந்தான் நான் நானா இருந்தேன்.

— தெரியும். நானே அதக் கெடுத்துட்டேன்.

— நீங்க இல்ல...

— நிலவனோட அப்பா அம்மா ஆருங்க?

— நாங்கதான் சிஸ்டர். ஸ்கேன் முடிஞ்சுதுங்களா?

— முடிஞ்சுது. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்குது. டாக்டர் ஆபரேசனுக்கு ரெடி பண்றாரு. சார், நீங்க ரெண்டு நிமிசம், ஒடனே அழுதான்னு எழுதச் சொன்னீங்க. ஸ்கேனப் பாத்தா அப்படித் தெரியலைங்கறாரு. எப்ப உழுந்தான்? நெனவு இருந்துச்சா? சரியாச் சொன்னாத்தான் மருந்து குடுக்க முடியும்.

— பொய்ங்க சிஸ்டர். நான் ஊட்டுலயே இல்ல. இவ என்னோட பெல்ல நம்பி ஓடப் போயிட்டா. இவளுக்கு ஒண்ணும் தெரியாது. எப்ப உழுந்தான்னு எங்க ரெண்டு பேருக்குமே...

— கடைசியா நல்லா இருந்து பாத்தது ஆரு? அந்த நேரமாச்சும் வேணும்.

— அவளக் கேக்காதீங்க சிஸ்டர். அவ தூங்கற கொழந்தையத்தான் உட்டுட்டுப் போனா.

— அஞ்சு அம்பத்திரண்டுங்க சிஸ்டர், எழுதிக்குங்க. அப்ப முழிச்சு, கட்டில் ஓரத்துல கெடந்து என்னையப் பாத்துச் சிரிச்சான். இவரு சைக்கிளத் திருப்பிட்டுப் போறத ஜன்னல்ல பாத்தேன்... பாத்துட்டுத்தான் ஷூ மாட்டுனேன்.