எதிர்காற்று

— அப்போ இன்னைக்கும் கடல் வராது. காத்து மூஞ்சியிலயே அடிக்குது. வண்டி நகரவே மாட்டேங்குது.

— விமானம்னு சொல்லுங்க. லிஃப்ட் ரிப்பேர்காரர் கையில கொடுத்தா எல்லாமே வண்டிதான்.

— அதாவது, ரெண்டு பேர் உட்கார்ற குட்டி விமானம். அதுவும் கம்ப்யூட்டர் திரையில. இதுக்கு மேல என்ன மரியாதை? ஆமா, ஹெட்ஃபோன்ல உன் பக்கம் ஏதோ சத்தம் கேக்குதே?

— ஃபேன்.

— நம்ம வீட்டு ஃபேன் இப்படிக் கத்தாதே. நாளைக்கு எண்ணெய் விடறேன்.

— ம்.

— கதவையாவது திறந்து வையேன். அந்த ரூம்ல நீ, இந்த ரூம்ல நான், நடுவுல சாத்தின கதவு. திரையில மட்டும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. யாராவது பார்த்தா சிரிப்பாங்க.

— பேச்செல்லாம் ஹெட்ஃபோன்லயே வச்சுக்கலாம்னு சொன்னது நீங்க. என் மூஞ்சியைப் பார்த்தா சண்டை வருதுன்னு.

— சரி, சரி. உயரம் குறையுது பாரு.

— பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். கீழ மணல் மேடு தெரியுதா?

— மணல்ல பார்க்க என்ன இருக்கு?

— வரைபடம் போடறவளுக்கு இருக்கு. ஒவ்வொரு மேடும் நாம வர்ற பக்கம் மெதுவா ஏறுது, போற பக்கம் செங்குத்தா விழுது. பின்னாலிருந்து வர்ற காத்துதான் மணலை அப்படிக் குவிக்கும். இங்க பெரும்பாலும் காத்து நம்ம முதுகுல அடிக்கணுங்க.

— அதாவது... ஒரு நாள் மாறி அடிக்கும்.

— தினமுமா? அந்தப் பாலைவனத்துல நிஜமா அடிக்கற காத்தை இந்த கேம் அப்படியே எடுத்துக்கும்னு சொன்னீங்க. காத்து, வெயில் மாத்தறதெல்லாம் உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு. நான் தொட்டதே இல்ல.

— எஞ்சின் சூட்டைப் பார்க்கறேன்.

— எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. எதிர்காத்தை நீங்க வச்சீங்களா?

— வச்சேன்.

— எப்பலேர்ந்து?

— கிளம்பின மறுநாள்லேர்ந்து.

— ஐயோ சாமி.

— கடற்கரையில இறங்கினதும் பிரியறதுன்னு பேச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து வரைபடத்துல கோடு போட்ட பயணம், அதை மட்டும் இப்படியாவது முடிச்சிட்டுப் போறேன்னு நீ கேட்ட. நானும் சரின்னேன். ஆனா பாலைவனம் கொஞ்சம் நீண்டா உன் மனசு மாறும்னு ஒரு நெனப்பு.

— இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சொன்னா இருந்திருப்பியா?

— தெரியாது. கேட்டிருந்தாத்தானே தெரியும்? எனக்கு வெளியூர்ல பெரிய வேலை வந்தப்பவும் இப்படித்தான். அவளுக்கு இஷ்டமில்லைன்னு என் ஆபீஸுக்கு நீங்களே போன் பண்ணிட்டு, வீட்டுக்கு வந்து எனக்கு ஆறுதல் சொன்னீங்க. உங்க தோள்ல சாஞ்சுக்கிட்டு அழுதேன் நான். நெனச்சா இப்பவும் உடம்பு கூசுது.

— உன் நல்லதுக்குன்னுதான்...

— திட்டியிருந்தா எதிர்த்துப் பேசியிருப்பேன். கையைப் பிடிச்சு இழுத்திருந்தா உதறியிருப்பேன். இது எங்கேருந்து அடிக்குதுன்னே தெரியாம, எனக்குத்தான் வழி காட்டத் தெரியலன்னு இத்தனை நாள் நெனச்சுக்கிட்டிருந்தேங்க.

— இரு. எடுத்துட்டேன். இப்போ பாரு.

— மணல் மேடெல்லாம் வேகமா பின்னால ஓடுதே.

— பார்த்தியா? நிஜக் காத்து. நீ சொன்ன மாதிரியே, முதுகுல.

— எவ்வளவு சுலபமா போகுது.

— மேலயும் கீழயும் போறது மட்டும்தான் எனக்குத் தெரியும்னு கேலி பண்ணுவியே. முன்னாலயும் போறேன் பாரு.

— சிரிக்க வைக்காதீங்க. அதோ, அந்த நீலக் கோடு.

— கடல்தான்.

— ஓடுதளம் இடப்பக்கம். வேகத்தைக் குறைங்க. இன்னும் கொஞ்சம். மூக்கைத் தூக்குங்க... தூக்குங்க...

— தொட்டாச்சு.

— நல்லா இறக்கினீங்க. நிஜமாவே.

— எஞ்சினை நிறுத்திட்டேன். என்ன பண்ற?

— கடலைப் பார்க்கறேன்.

— நானும். அதாவது... இந்தக் கருமத்தைக் கழட்டி வச்சிட்டு வந்து கதவைத் தட்டறேன். நேர்ல, உன் மூஞ்சியைப் பார்த்து, ஒரே ஒரு தடவை இருன்னு கேக்கறேன். அப்புறம் நீ என்ன சொன்னாலும் சரி.

— தட்டாதீங்க. திறக்க அங்க யாரும் இல்ல.

— என்ன சொல்ற? இறங்கினப்புறம்தானே போறதா பேச்சு!

— காலையில நீங்க வேலைக்குப் போனதுமே பெட்டியையும் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கிட்டு, வாடகைக்கு எடுத்த புது ரூமுக்கு வந்துட்டேன். சாயந்திரம் வந்தீங்களே, அந்தக் கதவைத் திறந்து ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். இந்த ஃபேனுக்கு எண்ணெய் நானே விட்டுக்கறேங்க.