சிரித்தால் தெரியும் பல்

— புடுங்கிப் போட்டுடுங்க மேடம். ஒரு பல்லுக்காக இம்மாம் நேரம் வாயத் தொறந்துகினு கெடக்க முடியாது.

— புடுங்கறதுக்கா லைட்ஹவுஸ் குப்பத்துலேந்து பஸ் புடிச்சு பொன்னேரி வந்தோம்? ஜெபசெல்வி மேடம், நீங்க வேர சுத்தம் பண்ணுங்க. என் வூட்டுக்காரரு பேச்சக் கேக்காதீங்க.

— இருங்க செல்வம்மா அக்கா. அங்கமுத்து அண்ணா, பல்லு வெளிய கெட்டியாத்தான் இருக்கு, உள்ள நரம்புதான் செத்துப்போச்சு. எப்படி இப்படி விரிசல் விட்டுது?

— வலைக்கு ஈயம் கோக்கும்போது பல்லால கடிச்சுதான் நசுக்குவாரு மேடம். கட்டிங் பிளேயர் வாங்கிக் குடுத்தேன். அது போட்ல துருப்புடிச்சுக் கெடக்கு.

— ரெண்டு கையிலயும் வல இருக்கும்போது பிளேயர எங்கடி தேடறது?

— சரி சரி. ஊசி போட்டாச்சு, உதடு மரத்துப்போச்சா அண்ணா?

— மரத்துச்சு. ஊசிக்கு முன்னாடியே இப்பிடித்தான் மேடம். சோறு துன்னா உப்பா உரப்பான்னு ஒண்ணும் தெரியறதில்ல.

— எப்பலேந்து?

— எங்க ரஞ்சித்து கடல்ல போனதுலேந்து மேடம். ஒரே புள்ள.

— கேள்விப்பட்டேன் அக்கா. மனசு தாங்கல... அண்ணா, ரப்பர் சீட்டு மாட்டிட்டேன், இனிமே பேச முடியாது. வலிச்சா கையத் தூக்குங்க, நிறுத்திடறேன்.

— இன்னா மேடம் இது, பிளீச்சிங் பவுடர் வாசன வருது?

— அந்த மாதிரி மருந்துதான் அக்கா. வேருக்குள்ள முடியளவு ஓட்டை, அதுலயும் கிளை கிளையா பிரியும். வெறுமனே மருந்து ஊத்தினா மேலயே நின்னுடும். இந்த மெஷின் கம்பி உள்ள போய் அதிரும். அதிர்ற வேகத்துல மருந்து சந்துபொந்தெல்லாம் பூந்து அழுக்கைக் கெளப்பிடும்.

— ஐஸ் பெட்டி கழுவற மாதிரி. தண்ணி ஊத்தினா மட்டும் செதிலு போவாது, போட்டு குலுக்கணும்.

— அதேதான். அண்ணா, கொய்யுனு சத்தம் கேக்கும், பயப்படாதீங்க. வலிக்குதா?

— கையத் தூக்க மாட்டாரு மேடம். ஆஸ்பத்திரில பொணம் வெச்சிருந்த ரூம்லயும் இதே வாசனதான். அங்கயும் கையத் தொங்கப் போட்டுகினு இப்பிடித்தான் நின்னாரு.

— நீங்க வேணா வெளிய உக்காருங்களேன் அக்கா.

— பரவால்ல. எனக்கும் ஒண்ணும் ஆவறதில்ல.

— பாருங்க, கலங்கலா வந்த மருந்து இப்ப தெளிவா வருது. இன்னும் ஒரு தடவை ஓட்டிடறேன். அடுத்த வாரம் வேர அடைச்சுட்டு கேப் போட்டுடலாம். பல்லு கலர்லயே வெள்ளை கேப் இருக்கு, போட்டதே தெரியாது.

— ஸ்டீல் போடுங்க.

— முன்னாடி பக்கத்துப் பல்லு அக்கா, சிரிச்சா பளிச்சுனு தெரியும்.

— தெரியணும்.

— நல்லாவா இருக்கும்? அண்ணனுக்கு இன்னும் அம்பது கூட ஆகலயே.

— அழகுக்கு கேக்கல மேடம். எங்க ரஞ்சித்தும் எதுத்த வூட்டு சுபாஷும் ஒரே போட்லதான் போனாங்க. அம்மன் திருவிழாவுக்கு குப்பத்துப் பசங்கல்லாம் ஒரே மாதிரி நீல பனியன் எடுத்தாங்க இல்ல, ரெண்டு பேரும் அதத்தான் போட்டுகினு போனாங்க.

— ரெண்டு பேருமே கெடைச்சாங்களா?

— ஒரே ஒரு உடம்புதான் ஒதுங்குச்சு. மூஞ்சி இல்ல, மீனு துன்னுடுச்சு. ரெண்டு பசங்களும் ஒரே ஒசரம். பனியனப் பாத்துட்டு இவரு எம்புள்ளன்னாரு. நானும் ஆமான்னேன். தூக்கியாந்து கொள்ளி வெச்சாரு.

— சுபாஷ் வீட்டுல?

— அவங்க அம்மா இன்னும் கதவ சாத்தறதில்ல. புள்ள எங்கியோ கரையேறிட்டான், வந்துடுவான்னு ஒக்காந்துகினு கீது. நான் அந்தப் பக்கம் பாக்காமத்தான் தண்ணி எடுக்கப் போறேன். கொள்ளி வெச்சது எம்புள்ளைக்கா, அவங்க புள்ளைக்கான்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியல மேடம்.

— அக்கா, போதும். அண்ணன் கையத் தூக்கறாரு. மெஷின நிறுத்திட்டேன் அண்ணா, எங்க வலிக்குது?

— வலிக்கட்டும் மேடம், நீங்க ஓட்டுங்க. நாளைக்கு இவரு கரை ஒதுங்கினா, வாயத் தொறந்து பாத்து எம்புருசன்தான்னு நான் சொல்லணும்.