வண்டிக்கு அடியில் ஐந்தாவது டயர்

பெரிய டயர் மாட்டினால் ஜீப்பு பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும் ஐயா, அதை நான் மறுக்கவில்லை. பொன்னுராஜ் முதலாளிக்குச் செண்பகத்தோப்புக்கு மேலே மாந்தோப்பு. மலைப்பாதைக் கல்லுக்குத் தாங்கட்டும் என்று நாலு சக்கரத்துக்கும் பெரிய டயர் போட்டார். சரிதான். ஐந்தாவதாக ஸ்டெப்னி ஒன்று இருக்கிறதே, அதையும் பழையது இருந்த இடத்திலேயே, வண்டிக்கு அடியில் மாட்டச் சொன்னார். இந்த வருஷம், தொண்ணூற்றொன்றில், மாங்காய் சீசன் தொடங்கின வாரம்.

படுத்துப் பார்த்தேன். நாலு விரல் இடம் பத்தவில்லை. "ஏலாது மொதலாளி, மேல கேரியர்ல கட்டித் தாரேன்" என்றேன். மேலே கூடை ஏற்ற வேண்டும் என்றார். திரும்பவும் ஏலாது என்றேன். பதினெட்டு வருஷமாக ராஜபாளையத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன், அந்த வார்த்தை என் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

அவருடைய டிரைவர் சிவனாண்டி டீக் கிளாசோடு நின்றவன், "என்னண்ணே, உக்கிரபாண்டின்னு பேர வச்சுக்கிட்டு ஏலாதுங்கிய? இனிமே நீங்க ஏலாதபாண்டிதான்" என்றான். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் பேர் ஒட்டிக்கொண்டது. மறுநாள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன், "ஏலாதபாண்டி அண்ணனுக்கு என்ன வேணும்?" என்கிறான். மார்க்கெட்டில் கேட்டுவிட்டு வந்து என் சம்சாரம் தங்கபாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மானம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா ஐயா?

வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். வேலை சுலபம்தான். டயரில் காற்றைப் பிடுங்கினேன், சப்பையாகிவிட்டது. நுழைத்துச் சங்கிலி போட்டு இறுக்கினேன். பிறகு படுத்தபடியே காற்றடித்தேன். டயர் ஊதி வரும்போது சங்கிலியை முன்னால் தள்ளி, பின் அச்சில் ஓடும் பிரேக் பைப்பின் மேல் சாய்த்தது. வண்டி குலுங்கக் குலுங்க அது பைப்பை அறுக்கும். அந்த ஜீப்பில் ஒரு பைப் போனால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. பைப்பில் சுற்ற ட்யூப் துண்டு கையிலேயே இருந்தது. சுற்றினால் அந்தத் தடிமனுக்கு இடமில்லை, டயர் உள்ளே நிற்காது. துண்டைத் தூக்கிப் போட்டேன்.

சிவனாண்டி குனிந்து பார்த்து, "யாத்தாடி, மாட்டிட்டியளே அண்ணே!" என்றான். அப்படியொரு சந்தோஷம் எனக்கு.

எட்டாம் நாள் காலையில் அவனே வந்தான். "அண்ணே, பெடல் ரொம்ப உள்ள போகுது, செத்த பாருங்களேன். மலைல எறங்கிரலாம்லா?" பைப் பாதி தேய்ந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. டயரைக் கழற்றினால் பத்து நிமிஷ வேலை. கழற்றினால் மேலேதான் கட்டி அனுப்ப வேண்டும், கடைத்தெரு முழுக்கப் பார்க்கும். பிரேக் ஆயில் ஊற்றினேன். கசிவைத் துணியால் துடைத்தேன். "தாராளமா எறங்கலாம்லே" என்றேன்.

வண்டியில் மாங்காய் பறிக்கப் போகிற பெண்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் மலையிறங்கும்போது வண்டி பள்ளத்தில் விழுந்து எத்தனை பேர் செத்தார்கள் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். விழும் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும் ஐயா. தெரிந்துதான் அனுப்பினேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சிவனாண்டி பெண்டாட்டி மாடத்திக்காக மட்டும் மனசு சங்கடப்படுகிறது. அவள் ஒருத்திதான் என்னைப் பார்த்துச் சிரிக்காதவள். "வயசுக்கு மூத்தவியள அப்படிப் பேசாதீய" என்று புருஷனையே வைதவள். அன்றைக்கு அவளும் போனாள். முன் சீட்டில் ஏறும்போது, "வாரேண்ணே" என்றாள். நீ போகாதே தாயி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். என் வேலையில் குறை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?