ரெண்டு பேர் கயாக்

வேணாண்ணே, ஆம்புலன்ஸ்லாம் வேணாம். ரெண்டு பேருக்கும் அடி ஒண்ணும் படல. இந்தக் கயாக் படகைக் கரைக்கு இழுத்துப் போட்டீங்களே, அதுவே போதும்.

அவரா? என் வீட்டுக்காரரு, ஷெல்டன். கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருக்கட்டும். நாங்க சாந்தோம்ண்ணே. வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா எப்படி, அடையாத்துல ஒரு சுத்து சுத்திட்டு வாங்கன்னு அவரு ஃப்ரெண்டு ஹென்றி இதைக் குடுத்தாரு. ரெண்டு பேரு உக்கார்றது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவுட்டு, கவுந்தா இன்னா பண்ணணும்னும் சொன்னாரு.

முகத்துவாரத்துக்கிட்ட அலை சைடுல அடிச்சுது. அவ்ளோதான். மேல வந்து பாக்குறேன், கயாக் தலகீழா மெதக்குது. இல்லண்ணே, பயம்லாம் இல்ல. இப்பல்லாம் எனக்கு எதுவும் வர்றதில்ல. அதும்மேல படுத்து, அந்தப் பக்கத்துக் கயித்தைப் புடிச்சிக்கினு பின்னால சாஞ்சேன். நிமிந்துகிச்சு.

இனிமே அவரு எதிர்ப்பக்கம் புடிச்சிக்கினாத்தான் நான் ஏற முடியும். ஷெல்டன், வந்து புடிங்கன்றேன், காதுலயே வுழல. முங்கப் பாக்குறாரு, ஜாக்கெட்டு வுட மாட்டேங்குது. துடுப்பைத் தேடுறாராக்கும்னு நெனச்சேன், ஆனா அது எங்கிட்டதான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா ஜாக்கெட்டைக் கழட்டுறாரு. ஜான்சி எங்க லிசா, ஜான்சியைக் காணோம்னு கத்துறாரு.

எங்க பொண்ணுண்ணே. ஐயோ, ஓடாதீங்க, அவ தண்ணில இல்ல.

அந்த நேரத்துல நான் இன்னா சொல்றது? ஜான்சி வீட்ல இருக்கா, நீங்க வந்து புடிங்கன்னேன். உடனே வந்து புடிச்சாரு. காலை ஒதைச்சு, குப்புற வுழுந்து, ஒருமாதிரி பொரண்டு உக்காந்தேன். அப்புறம் நான் இந்தப் பக்கம் சாஞ்சிக்கினேன், அவரு அந்தப் பக்கமா ஏறினாரு. அவ மட்டும் தனியா இருப்பாளே, சீக்கிரம் போலாம்னு சொல்லிக்கினே துடுப்பு போட்டாரு. நானும் ஆமான்னுதான் சொல்லிக்கினு வந்தேன்.

ஜான்சி போன தவக்காலத்துலயே காய்ச்சல் வந்து போய்ச் சேந்துட்டாண்ணே. அவ பொட்டியைக் கல்லறைக்குத் தூக்கினதே அவருதான்.

தோ, எழுந்து வர்றாரு. எங்க ஃபோனு தண்ணில போச்சு, வீட்டுக்குப் பேசணும்னு உங்களாண்ட கேப்பாரு. சார்ஜ் இல்லன்னு சொல்லிடுங்கண்ணே. வீட்ல எடுக்க யாரும் இல்ல.