றேமண்ட் கொண்டுபோன பக்கங்கள்

ஹலோ... ஹலோ, நாகேந்திரம் சேர் வீடா?... சேர், நான் பிறிஜெற், கொட்டாஞ்சேனையில இருந்து... ஓம், ஓம், நீங்க தமிழில எழுதின ரஷ்யக் கதையை ரைப் அடிக்கிற பிறிஜெற்தான்.

இல்ல சேர், இன்னும் முடியேல்ல... ஓம், கதை சொல்ற அந்த ஆளோடதான் மல்லுக்கட்டுறன். ஒரு பக்கத்தில எல்லாரையும் வெறுக்கிறன் எண்டுறார். அடுத்த பக்கத்தில ஒருத்தரும் தன்னைத் தேடேல்ல எண்டுறார். நான்தான் பிழையா அடிச்சுப்போட்டன் எண்டு ரெண்டு தரம் பாத்தன்... அப்பிடித்தான் எழுதியிருக்கா? சரி.

சேர், நான் எடுத்தது வேற விஷயம். என்ர தம்பி றேமண்ட் அங்க வந்தவனா?... ஓம், போன வருஷம் பொலிஸ்காரர் பிடிச்சுக்கொண்டு போனாங்களே, அவன்தான். விட்டு நாலு மாசம். வாசல் தாண்டேல்ல சேர்.

அவனும் உங்கட ஆளைப் போலத்தான். சாப்பாடு வேண்டாம் எண்டுவான். எடுத்து மூடி வச்சா, ஏன் ஆறவிட்டனீ எண்டு ஏசுவான். சிநேகிதர் ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்ல எண்டுவான். அவன்ர சிநேகிதன் அலவி வந்து கதவைத் தட்டினா, நான் இல்லையெண்டு சொல்லு எண்டுவான்... ஓம்... ஓம் சேர். களைச்சுப்போனன்.

காலமை பூசையால வாறன், மேசையில கிடந்த பக்கங்களை எடுத்து வாசிக்கிறான். சிரிக்கிறான் சேர்! நாலு மாசத்தில முதல் தரம்... பிறகு கோவம் வந்திட்டுது. இந்த ஆள் பொய் சொல்றான், எழுதினவனைக் கேக்கவேணும் எண்டான். அவர் செத்து எத்தினையோ காலம் எண்டன். அப்ப தமிழில எழுதினவனைக் கேக்கிறன் எண்டான். பகிடி எண்டு நினைச்சன்... ஓம், உங்கட விலாசம் முதல் பக்கத்தில இருக்குத்தானே. குளிச்சிட்டு வந்து பாத்தா ஆளுமில்லை, பக்கங்களுமில்லை. ஐடென்ரிற்றி காட் மட்டும் மேசையில கிடக்கு.

பொட்டக் இன்ன அய்யே!... இல்ல சேர், உங்களை இல்ல. கடையில இருந்துதான் எடுக்கிறன், கடைக்காரரைச் சிங்களத்தில கொஞ்சம் பொறுக்கச் சொன்னன்.

மூண்டு மணித்தியாலம் ஆச்சு. வழியில எத்தினை செக் பொயின்ற், காட் இல்லாட்டி பிடிச்சிடுவாங்கள்... பொலிசுக்கா? நான் போய்ச் சொன்னா, அவங்களே தேடிப் பிடிச்சு உள்ள போட்டிடுவாங்கள்.

என்ன?... ஆர் பெல் அடிக்கிறது? பாருங்கோ சேர், ஓடிப்போய்ப் பாருங்கோ...

...

ஹலோ?... அவனா? மெலிஞ்சு, உயரமா?... மாதாவே.

அடி கிடி பட்டிருக்கா?... என்ன, றெயில் பாதையால நடந்தே வந்தவனாமா?... உள்ள வரமாட்டானாமா?... வாசல்ல நிண்டு உங்களோட சண்டையா?

சேர், ஒண்டு கேக்கிறன். விட்டுக்குடாதேங்கோ... இல்ல சேர், சமாதானம் சொல்லாதேங்கோ. நீங்க சரி எண்டா, அவன் திரும்பி நடந்திடுவான். நீங்களும் சண்டை பிடியுங்கோ. நான் அவன்ர ஐடென்ரிற்றி காட்டை எடுத்துக்கொண்டு இப்ப பஸ் ஏறுறன், நான் வருமட்டும் பிடியுங்கோ... ஓம், ஓம், சத்தம் போட்டே பிடியுங்கோ... வையுங்கோ சேர், போனை வையுங்கோ, அவன் தனிய நிக்கிறான்.